விட்டு விட்டு ஊதும் சங்கு

அக்கா, நீங்க ஜன்னல் பக்கம் உக்காந்துக்கோங்க. எனக்கு இந்தப் பக்கமே போதும். இல்ல, மரியாதைக்குச் சொல்லல. ஜன்னல் பக்கம் உக்காந்தா வழியில பஸ்ஸுக்குக் கை காட்டுறவங்களைப் பாக்கணும். இது எக்ஸ்பிரஸ், எல்லா இடத்துலயும் நிக்காது. அவங்க கையை ஆட்டிக்கிட்டே இருப்பாங்க, நாம தாண்டிப் போயிருவோம். அதை என்னால பாக்க முடியல.

நான் கலெக்டர் ஆபீஸ்ல இறங்கணும். கேட்டாத்தான் நிப்பாட்டுவாங்களாம். நீங்க எங்க? பெரியாஸ்பத்திரியா? அப்ப எனக்கு அடுத்துதான் உங்க ஸ்டாப்.

என்னக்கா? கேக்கலையா? பின்சீட்டுல இப்படித்தான், தகரம் எல்லாம் ஆடுது. கொஞ்சம் நெருங்கி உக்காருறேன்.

கலெக்டர் ஆபீஸ்ல இன்னைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்க ஊர் ஐஸ் கம்பெனியைத் திறக்கலாமா வேண்டாமான்னு. வீடுகளுக்குப் பக்கத்துல ஐஸ் கம்பெனியே இருக்கக்கூடாதுன்னு சட்டம் போடணும், இது ஒரு கட்சி. அப்படிப் போட்டா இந்தக் கடற்கரையில ஒரு கம்பெனியும் மிஞ்சாது, பிடிச்ச மீனை எல்லாம் கருவாடாத்தான் போடணும், இது இன்னொரு கட்சி. நான் பேசணும். பேர் குடுத்திருக்கு. நான் குடுக்கல, முதலாளி குடுத்திருக்காரு. எனக்குப் பேசியே பழக்கம் இல்ல. அதான், உங்ககிட்ட ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிறேன். தெரியாதவங்ககிட்ட சொல்றது சுலபம்.

எங்க ஊர் சிப்பித்துறை. ஆமா, டிவியில காட்டுனாங்களே, அதேதான். ஐயோ, அப்படிப் பாக்காதீங்கக்கா. எனக்கு ஒண்ணும் ஆகல. நான் நல்லாத்தான் இருக்கேன்.

என் பேர் ஜெனோவா. காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சேன். மேல படிக்க வெளியூர் போகணும், வீட்ல அனுப்பல. அதனால மச்சாது முதலாளியோட ஐஸ் கம்பெனியில ஆபீஸ் வேலை. போன் எடுக்கிறது மட்டும் பிடிக்காது. மத்தபடி எனக்கு ஏத்த வேலை. ஒரு ஓரமா உக்காந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கலாம்.

நீங்க ஐஸ் கம்பெனிக்குள்ள போயிருக்க மாட்டீங்க. தரை பூரா பலகை. பலகைக்குக் கீழ உப்புத்தண்ணித் தொட்டி. அதுக்குள்ள வரிசையா தகர டப்பா, டப்பாவுக்குள்ள நல்ல தண்ணி. உப்புத்தண்ணியைக் குளிர வைக்கிறது அமோனியா வாயு. அது குழாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கணும், வெளிய வரக்கூடாது. ஆனா எப்பவும் கொஞ்சம் வரத்தான் செய்யும். எங்க ஊருக்கு அந்த வாடை பழகிப்போச்சு. பிள்ளைகளுக்குச் சளி பிடிச்சு மூக்கடைச்சா, தூக்கிக்கிட்டு வந்து கம்பெனி வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பாங்க. மூக்கு திறந்துக்கும். "ஊசி போடாத ஆஸ்பத்திரி"ன்னு எங்க கம்பெனிக்கு ஐஸ் சுமக்க வர்ற செலின் அக்கா சொல்லுவாங்க. சிரிப்பு வருதுல்ல? அப்ப எனக்கும் வரும்.

வாடை கூடுச்சுன்னா ஆபரேட்டர் திரவியம் அண்ணன் ஒரு கந்தகத் திரியைக் கொளுத்திக்கிட்டு குழாய் ஓரமாவே நடப்பாரு. கசியுற இடத்துல வெள்ளையா புகை கட்டும். அந்த இடத்தை ஸ்பேனர் போட்டு இறுக்குவாரு. வேலை முடிஞ்சுது. நாற்பது வருஷமா அப்படித்தான். இதைத்தான் கூட்டத்துல முதல்ல சொல்லப்போறேன். பாதுகாப்புச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி எங்க ஊர்ல ஒருத்தரும் சாகல. சட்டம் வந்துச்சு, மூணு பேர் செத்தாங்க. நல்ல வாதம்தானே அக்கா? முதலாளி சொல்லிக்குடுத்தது. ஆனா யோசிச்சுப் பாத்தா எனக்கும் சரின்னுதான் படுது.

கம்பெனிக் கூரை மேல ஒரு சங்கு உண்டு. படகுக்கு ஐஸ் ஏத்தணும்னா சங்கு ஊதும். ஊதுனா வேலை இருக்குன்னு அர்த்தம். எங்க பெண்கள் எல்லாம் போட்டது போட்டபடி விட்டுட்டு, தலையில வைக்கிற சும்மாட்டை எடுத்துக்கிட்டு ஓடி வருவாங்க. ஐஸைக் கூடையில அள்ளிப் படகுக்குச் சுமக்கணும். முதல்ல வர்றவங்களுக்குத்தான் வேலை. போதுமான ஆள் வந்ததும் கேட்டைச் சாத்திருவாங்க. அதனால சங்கு கேட்டா எங்க ஊர்ல யாரும் யோசிக்க மாட்டாங்க. கால் தானா ஓடும். கைப்பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தவ, அப்படியே பக்கத்து வீட்டு மடியில போட்டுட்டு ஓடுனதைப் பாத்திருக்கேன்.

செலின் அக்கா வீடு ஊர்க் கடைசியில, மடத்துக்குப் பக்கத்துல. அவங்க வர்றதுக்குள்ள ஆள் நிறைஞ்சிரும்போல இருந்தா நான் ஆபீஸ் படியில நின்னு கையை ஆட்டுவேன். சீக்கிரம் வாங்கன்னு. பேர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கூச்சம். அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாங்கல்ல? அதனால கை. அவங்களும் சிரிச்சுக்கிட்டே பதிலுக்குக் கையை ஆட்டிட்டு, சேலையை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடி வருவாங்க. "நீ கை காட்டுனாப் போதும்ளா, அன்னைக்கு எனக்கு வேலை உறுதி"ன்னு சொல்லுவாங்க. என்னை டீச்சரம்மான்னுதான் கூப்பிடுவாங்க. நான் டீச்சர் இல்லன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

போன வருஷம் பாதுகாப்புச் சட்டம்னு சொல்லிக்கிட்டு ஒரு அதிகாரி வந்தாரு. கம்பெனி பூரா சுத்திப் பாத்தாரு. வாயு கசிஞ்சா கண்டுபிடிக்கிற கருவி வைக்கணும், கசிஞ்ச உடனே அது தானா சங்கு ஊதணும், ஊர் ஆளுகளுக்கு ஒத்திகை காட்டணும்னு சொல்லிட்டாரு. முதலாளிக்குக் கோபம். "மீன் முட்டை போட ஒரு சட்டம், ஐஸ் உறைய ஒரு சட்டம். நாற்பது வருஷமா எங்களுக்கு மூக்குதான் சார் கருவி"ன்னாரு. அதிகாரி சிரிக்கவே இல்ல. "மூக்கு பழகிடும் சார். கருவி பழகாது"ன்னாரு.

கருவி வந்துச்சு. அதுக்குன்னு தனிச் சங்கு வைங்க, கேட்டாலே வேற மாதிரி இருக்கணும்னு அதிகாரி சொன்னாரு. முதலாளிதான், "எதுக்கு சார் ரெண்டு? வேலைக்கு நீளமா ஒரே ஊதல். ஆபத்துன்னா விட்டு விட்டு ஊதும். ஆளுகளுக்கு வித்தியாசம் தெரியாதா? சொல்லிட்டாப் போச்சு"ன்னுட்டு என்னைத் திரும்பிப் பாத்தாரு. "படிச்ச பிள்ளை இருக்கு. அது சொல்லிடும்."

நான் சொன்னேன் அக்கா. அதுதான் விஷயமே. நான் சொன்னேன்.

தடைக்காலம் முடியப்போற வாரம் ஒத்திகை. உங்களுக்குத் தெரியும்ல, மீன் பெருகட்டும்னு ரெண்டு மாசம் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அந்த ரெண்டு மாசமும் சங்கு ஊதாது, வேலை இருக்காது. தடை முடியப்போகுதுன்னு கம்பெனியில ஐஸ் உறைய வச்சுக்கிட்டிருந்தாங்க. கம்ப்ரசர் ஓடுனா பக்கத்துல நிக்கிறவங்க பேசுறதே கேக்காது. "பிள்ளை பேசுற மட்டும் நிறுத்துவமா?"ன்னு திரவியம் அண்ணன் கேட்டாரு. முதலாளி வேண்டாம்னுட்டாரு. மைக் கொண்டு வந்திருந்தாங்க, கோயில் மைக். அதுல ஒரு வார்த்தை வந்தா ரெண்டு வார்த்தை வரல.

எல்லாரும் வாசல்ல உக்காந்திருந்தாங்க. முந்தின நாளே எழுதி வச்சிருந்ததை வாசிச்சேன். நல்லா எழுதியிருந்தேன் அக்கா. இப்பவும் மனப்பாடமா இருக்கு. 'அமோனியா வாயுக் கசிவு ஏற்படும் பட்சத்தில், பொதுமக்கள் பதற்றமின்றி, ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக அப்புறப்பட வேண்டும்.' ஒரு பிழை கிடையாது. நான் தலை நிமிரல. நிமிர்ந்தா அத்தனை கண்ணும் என் மேல இருக்கும்.

நடுவுல ஒருத்தி, "ஏளா, பூசையில வாசகம் வாசிக்க மாதிரில்லா இருக்கு"ன்னா. இன்னொருத்தி குரலை மாத்திக்கிட்டு, "இது ஆண்டவரின் அருள்வாக்கு"ன்னா. அவ்வளவுதான், பூசையில பதில் சொல்ற மாதிரியே எல்லாரும் ஒரே குரலா, "இறைவா உமக்கு நன்றி!" அதிகாரிகூட வாயைப் பொத்திக்கிட்டாரு. எனக்குக் காதெல்லாம் சூடாயிருச்சு. மிச்சத்தை வேகமா வாசிச்சு முடிச்சுட்டேன். சங்கைப் பத்தின பாகம் அந்த மிச்சத்துலதான் இருந்துச்சு. ஆனா வாசிச்சேன். ஒரு வரி விடல.

அப்புறம் சங்கை விட்டு விட்டு ஊதிக் காட்டணும். ஊதுன உடனே எல்லாரும் எந்திரிச்சுத் தள்ளிப் போகணும். போட்டோ எடுக்க வந்தவரு, "ஆளாளுக்குச் சிதறி ஓடுனா படத்துல விழ மாட்டீங்கம்மா, எல்லாரும் கேட்டுக்குள்ள வந்து நில்லுங்க"ன்னாரு. சங்கு விட்டு விட்டு ஊதுச்சு. எல்லாரும் கேட்டுக்குள்ள ஓடி வந்து நின்னாங்க. படம் நல்லா வந்திருந்துச்சு. செலின் அக்கா முன்னாடி நிக்கிறாங்க. பிறகு டீயும் பன்னும் குடுத்தோம்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?"ன்னு அதிகாரி கேட்டாரு. "புரிஞ்சுது சார்"னு எல்லாரும் சொன்னாங்க. "சந்தேகம் இருந்தா கேளுங்க"ன்னாரு. ஒருத்தரும் கேக்கல. இதையும் கூட்டத்துல சொல்லணும். மறந்துடக்கூடாது. ஒருத்தரும் கேக்கல.

தடை முடிஞ்ச அன்னைக்கு ஊரே திருவிழா மாதிரி இருந்துச்சு. படகுக்கெல்லாம் புது பெயிண்ட், மாலை. ரெண்டு மாசமா வேலை இல்லாம இருந்தவங்கல்ல? எல்லார் காதும் சங்குலதான் இருந்துச்சு. காலை வெயில் ஏறிக்கிட்டு இருந்துச்சு. பெரிய வால்வு ஒண்ணு பிடுங்கிக்கிச்சு. என்ன சத்தம் தெரியுமா? பெரிசா ஒண்ணும் இல்ல. துணி கிழியுற மாதிரி. உடனே சங்கு ஊதுச்சு. விட்டு விட்டு. கருவியைக் குறை சொல்லவே முடியாது அக்கா, அது அதோட வேலையைச் செஞ்சுது.

திரவியம் அண்ணன் "ஓடு பிள்ளே"ன்னு கத்திக்கிட்டே உள்ள போனாரு, வால்வை மூட. எனக்கு என்ன செய்யணும்னு தெரியும். நான் எழுதுனதுதானே. துப்பட்டாவைத் தண்ணிப் பானையில முக்கி முகத்துல கட்டிக்கிட்டு, பின்வாசல் வழியா, காத்துக்குக் குறுக்க ஓடுனேன். மணல் மேட்டுல ஏறித் திரும்பிப் பாத்தா, கம்பெனி வாசல்ல வெள்ளையா கிடக்குது. தரையோட தரையா, பனி இறங்குன மாதிரி. தெருவுல இருந்து அவங்க எல்லாம் ஓடி வர்றாங்க. சும்மாட்டோட. முன்னாடி செலின் அக்கா.

நான் கத்துனேன். வராதீங்க, வராதீங்கன்னு கத்துனேன். சங்கு நிக்கவே இல்ல. கையை ஆட்டுனேன். ரெண்டு கையையும் ஆட்டுனேன்.

செலின் அக்கா என்னைப் பாத்துட்டாங்க. சிரிச்சாங்க. பதிலுக்குக் கையை ஆட்டுனாங்க. சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னும் வேகமா ஓடி வந்தாங்க.

தண்ணி வச்சிருக்கீங்களா அக்கா? ஒரு வாய். போதும்.

திரவியம் அண்ணன் பிழைச்சுட்டாரு. தொண்டை வெந்துபோச்சு, பேச்சு வரல. அவருக்குப் பேச வந்தா நான் வர வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

அடக்கத்துக்கு அந்த அதிகாரி வந்து பின்னால நின்னாரு. என்கிட்ட வந்து, "தனிச் சங்கு வைக்கச் சொன்னேனேம்மா"ன்னாரு. அதை முதலாளிகிட்ட சொல்லணும். என்கிட்ட சொல்லி என்ன? ஊர்ல இப்ப ரெண்டு பேச்சு. சட்டத்தை ஒழுங்காச் செய்யாததாலதான் செத்தாங்கன்னு சிலர் சொல்றாங்க. சட்டத்தைச் செஞ்சதாலதான் செத்தாங்கன்னு முதலாளி சொல்றாரு. சங்கு ஊதாம இருந்திருந்தா அவங்க வீட்டுலயே இருந்திருப்பாங்கல்ல? உண்மைதானே? நீங்களே சொல்லுங்க.

செலின் அக்காவோட வீட்டுக்காரர் சூசை அண்ணன் மட்டும் ரெண்டு பக்கமும் சேரல. பத்து நாள் கழிச்சு எங்க வீட்டு வாசலுக்கு வந்தாரு. உள்ள வரல. "ஏம்மா, நீ எல்லாருக்கும் விவரம் சொன்னியாம்லா. அன்னைக்கு செலின் எங்க உக்காந்திருந்தா?"ன்னு கேட்டாரு.

"முன் வரிசையில அண்ணே."

"அப்ப அவளுக்குக் கேட்டிருக்கும்லா?"

"கேட்டிருக்கும் அண்ணே."

"விட்டு விட்டு ஊதுனா வரக்கூடாதுன்னு அவளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருக்கும் அண்ணே."

"தெரிஞ்சும் வேலைக்கு ஓடியிருக்கா. பிள்ளைகளை நினைக்கல, என்னை நினைக்கல"ன்னாரு. போயிட்டாரு. அன்னையிலிருந்து அவர் கல்லறைக்குப் போறதே இல்லையாம். மெழுகுவர்த்திகூட வைக்கிறதில்லையாம். பிள்ளைகளையும் போக விடுறதில்ல. அம்மா பேச்சை எடுத்தா எந்திரிச்சு வெளிய போயிருவாராம். ஏன் இப்படி மாறிட்டாருன்னு எங்க அம்மா அழுறாங்க. எனக்கும் புரியல. எவ்வளவு பாசமா இருந்தவங்க தெரியுமா?

அவர்கிட்ட ஒண்ணு மட்டும் நான் சொல்லல. தேவையில்லாத விஷயம்தான். ஒத்திகை முடிஞ்சு டீ குடிக்கும்போது செலின் அக்கா என் பக்கத்துல வந்து நின்னாங்க. பன்னை டீயில முக்கிக்கிட்டே, "ஏளா டீச்சரம்மா, என்னமோ வாசிச்சியே, என்னது அது? முன்னாடி இருந்தும் எனக்கு ஒரு எழவும் கேக்கல"ன்னாங்க. சுத்தி எல்லாரும் நின்னாங்க, திரும்பவும் சிரிப்பாங்கன்னு இருந்துச்சு. "அப்புறமாச் சொல்றேன்க்கா"ன்னேன். "சரி விடு. உனக்குத் தெரிஞ்சாப் போதும். நீதான் கை காட்டுவியே"ன்னாங்க.

இது சந்தேகம் கேட்டதா ஆகுமா அக்கா? ஆகாதுல்ல? கூட்டம் முடிஞ்ச பிறகு கேட்டது. அதிகாரி கேட்டப்ப யாரும் கேக்கல. அதுதானே கணக்கு.

என்னக்கா, பேசாம இருக்கீங்க? இல்ல, கேக்கலையா?

இப்ப எங்க ஊர்ல சங்கே இல்ல. கம்பெனிக்குச் சீல் வச்சிருக்கு. ஐஸ் வெளியூர்ல இருந்து லாரியில வருது, பாதி வழியிலயே உருகிப்போகுது. சும்மாடு எல்லாம் ஆணியில தொங்குது. கம்பெனி திறக்கலைன்னா பெண்கள் எல்லாம் எங்க போவாங்கன்னு முதலாளி கேக்கிறாரு. அதுவும் நியாயம்தான். ஆனா இல்லாத சங்கு எனக்கு மட்டும் கேக்குது. அடுத்த வீட்டுக் குக்கர் விட்டு விட்டு விசில் அடிச்சாப் போதும், முகத்துல ஈரத்துணி கட்டணும்னு கை தேடும்.

செலின் அக்கா வர்றாங்க. கனவுல இல்ல. பட்டப்பகல்ல, தெருக் கடைசியில, மடத்துப் பக்கத்துல. பயமுறுத்தல்லாம் மாட்டாங்க. சிரிப்பாங்க, கையை ஆட்டுவாங்க. பதிலுக்கு நான் ஆட்டணுமா வேண்டாமான்னு தெரியல. ஆட்டுனா ஓடி வந்துருவாங்க. அதனால ரெண்டு கையையும் இப்படித் தொடைக்கடியில வச்சுக்கிட்டு உக்காந்துருவேன். நீங்க ஏறினதுல இருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கீங்க, என்ன இந்தப் பொண்ணு கை மேல உக்காந்திருக்குன்னு. கேக்கலாம்னு நினைச்சிருப்பீங்க.

பாலம் தாண்டிட்டோம். அடுத்தது கலெக்டர் ஆபீஸ்தான்.

ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்களாம். சொன்னியா, சொல்லலையா? சொன்னேன்னு சொல்லணும். அவ்வளவுதான். பொய் இல்லையே. சூசை அண்ணனும் வருவாரு. பின்னால எங்கயாவது நிப்பாரு. சத்தமா, தெளிவா, கடைசி வரிசைக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லணும்னு முதலாளி சொல்லியிருக்காரு. எல்லாருக்கும் கேக்கும். அன்னைக்கும் எல்லாருக்கும் கேட்டுச்சு.

கண்டக்டர்.

கண்டக்டர் அண்ணே.

திரும்பலையே. அக்கா, ஸ்டாப் போகப்போகுது. நீங்க கொஞ்சம் குரல் குடுத்து நிப்பாட்டச் சொல்லுங்களேன். நான் சொன்னா அவருக்குக் கேக்காது.